உள்ள போச்சா? - ஆம்பூர் தோலும் கணினிக்குள் நடக்கும் செல்களும்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ராத்திரி ரயில்ல போறவங்களுக்குத் தெரியும். காட்பாடி தாண்டி, குடியாத்தம் தாண்டி, ஒரு இடத்துல தூக்கத்துலயே கை மூக்குக்குப் போகும். கண்ணைத் திறக்காமலே சொல்லிடலாம், ஆம்பூர் வந்தாச்சுன்னு. அடியேன் பிறந்து வளர்ந்தது அங்கதான். இப்பல்லாம் ஊர் பேரைச் சொன்னா "அடடே, பிரியாணி!"ன்னு கண்ணு விரியுது. நான் காலேஜ் படிச்ச காலத்துல விரிஞ்சது கண்ணு இல்லை, சுருங்கினது மூக்கு. "தோல் ஷாப் பையன்"ங்கிறது எனக்கு ஹாஸ்டல்ல வச்ச பேர். அந்தப் பேருக்குள்ள சாதியும் ஒளிஞ்சிருந்ததுன்னு புரியவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

கொசுவர்த்தி சுத்தறதுக்காக இந்தப் பதிவு இல்லை. போன மாசம் ஊருக்குப் போனப்போ நடந்த ஒரு சின்ன விஷயம், அதுலேர்ந்து கிளம்பி எங்கெங்கயோ போயிட்டேன். வந்தவங்க உக்காருங்க, கொஞ்சம் நீளமான பதிவு.

அப்பா டேனரியில 34 வருஷம் வேலை பார்த்தவர். கடைசி 15 வருஷம் தரம் பிரிக்கிற வேலை. தோலை விரிச்சு, கையால தடவி, மடிச்சு, "இது முதல் தரம், இது மூணாவது"ன்னு பிரிக்கிறது. பெரியப்பா அதே டேனரியில சுண்ணாம்புக் குழி. இடுப்பளவு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கிட்டு, இரும்புக் கொக்கியால தோலை இழுத்துப் போட்டுக்கிட்டே ஆயுசை ஓட்டினவர். 2011-ல வாய்ப் புற்றுநோய்ல போயிட்டார். வாய்ல எப்பவும் புகையிலை அடக்கி வச்சிருப்பார். கன்னத்துல ஒரு புண்ணா ஆரம்பிச்சது, கழுத்துல கட்டியா வந்தப்பதான் டாக்டர்கிட்ட போனோம். "பரவிடுச்சு"ன்னாங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல அப்பா என்கிட்ட கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு: "கன்னத்துல இருந்தது கழுத்துக்கு எப்பிடிடா போச்சு?"

எனக்கு பதில் தெரியலை. "ரத்தத்துல போகும்ப்பா"ன்னு ஏதோ சொல்லி வச்சேன்.

சரி, போன மாசக் கதைக்கு வரேன். தங்கச்சி பொண்ணு பெங்களூர்ல பயாலஜியும் கம்ப்யூட்டரும் கலந்த ஏதோ ஒரு படிப்பு படிக்கிறா. லீவுக்கு வந்தவ திண்ணையில லேப்டாப்போட உக்காந்திருந்தா. திரையில வெள்ளை வெள்ளையா நார்க் குவியல், அதுக்குள்ள சிவப்புக் கட்டி ஒண்ணு. அந்தக் கட்டியிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகள் பிரிஞ்சு, நாருக்குள்ள நெளிஞ்சு நெளிஞ்சு போகுது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"தாத்தா, இது கேன்சர் செல். சுத்தி இருக்கிறது உடம்போட திசு. செல் எப்படி அதுக்குள்ள நகர்ந்து போகுதுன்னு கம்ப்யூட்டர்ல செஞ்சு பாக்கறோம்."

"அந்த வெள்ளையா இருக்கிறது?"

"அது கொலாஜன்னு ஒரு புரதம் தாத்தா. நார் மாதிரி."

அப்பா ஒரு நிமிஷம் உத்துப் பார்த்துட்டு சொன்னார்: "தோலு தானே இது. பெல்லி பக்கம். இவ்ளோ லூசா இருந்தா எதுவும் உள்ள போவும்மா. முதுகுப் பக்கம் வச்சுப் பாரு."

அவ அப்படியே நிமிர்ந்து பார்த்தா. நானும்தான்.

எங்க அப்பாவுக்குத் தெரிந்த தோல்

டேனரிப் பக்கம் போகாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மாட்டுத் தோல்ங்கிறது ஒரே சீரான துணி இல்லை. முதுகும் பின்பக்கமும் சேர்ந்த பகுதியில நார்கள் நெருக்கமாப் பின்னியிருக்கும். வயித்துப் பக்கம் தளர்வா, இழுத்தா இழுபடும். அதைத்தான் டேனரியில பெல்லின்னு சொல்றது. அது ஷூவோட மேல்பாகத்துக்கு ஆகாது, சுருக்கம் விழும். அப்பா கையால தடவிப் பார்த்தது பூரா இந்த நார்ப் பின்னலைத்தான். அதுக்குக் கொலாஜன்னு பேர் இருக்கிறது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பச்சைத் தோல் டேனரிக்கு வந்ததும் என்ன பண்றாங்க? ஊற வைக்கிறாங்க. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு முடியை எடுக்கிறாங்க. மேல் தோல், முடி வேர், கொழுப்பு எல்லாம் போகும். நார்க்கட்டு விரிஞ்சு கொடுக்கும். அப்புறம் நொதி போட்டு மிச்ச மீதிப் புரதங்களைக் கழுவுறாங்க. ஒரு காலத்துல இதுக்கு நாய் சாணமும் புறா எச்சமும் போட்டாங்க. 1907 வாக்கில் ஜெர்மனியில் ஆட்டோ ரோம் என்ற வேதியியலாளர், அந்தச் சாணத்தில் வேலை செய்வது நொதிதான் என்று எடுத்துக்கொண்டு, விலங்குகளின் கணையத்திலிருந்து கிடைக்கும் நொதியை வைத்துச் செய்து காட்டினார். இவ்வளவும் முடிஞ்ச பிறகு மிஞ்சுவது என்ன? செல்கள் எல்லாம் காலி செய்துவிட்டுப் போன வீடு. சுத்தமான கொலாஜன் பின்னல்.

அந்த வீட்டைக் கெட்டுப்போகாம நிறுத்தி வைக்கிறதுதான் பதனிடுதல். நம்ம பக்கத்துல முன்னாடி ஆவாரம் பட்டை. இப்போ பெரும்பாலும் குரோமியம் உப்பு. டிரம்முக்குள்ள தோலையும் குரோம் கரைசலையும் போட்டு மணிக்கணக்கா சுத்துவாங்க. குரோமியம் நாருக்குள்ள போய்க் கொலாஜன் சங்கிலிகளை ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போடும். பச்சைத் தோல் 60, 65 டிகிரி வெந்நீர்லயே சுருங்கிடும். குரோம் போட்ட தோல் கொதிக்கிற தண்ணியிலயும் தாக்குப் பிடிக்கும்.

முடிஞ்சுதான்னு எப்படித் தெரியும்? ஒரு ஓரத்துல கத்தியால வெட்டிப் பார்ப்பாங்க. வெட்டுவாயில நீலம் நடு வரைக்கும் ஒரே மாதிரி இருக்கணும். நடுவுல வெள்ளைக் கோடு தெரிஞ்சா இன்னும் சுத்தணும். மேஸ்திரி டிரம் பக்கத்துல நின்னு சத்தமா கேட்பார்: "உள்ள போச்சா?"

சின்ன வயசுல சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போறப்போ நான் அதிகமாக் கேட்ட வார்த்தை அதுதான். இப்ப யோசிச்சா, உயிரியல்காரங்க நூறு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கிறதும் அதே கேள்விதான். நார்ப் பின்னலுக்குள்ள ஒண்ணு எப்படிப் போகுது?

கிண்டியும் அடையாறும்

இனிமே வரலாறு. கொட்டாவி விடாதீங்க, நம்ம ஊர் ஆளுங்க கதை.

1948-ல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாறில் தொடங்கப்பட்டது. சி.எல்.ஆர்.ஐ.ன்னு சொன்னா எங்க ஊர்ல சின்னப் பையனுக்கும் தெரியும். அதுக்கு மிகப் பக்கத்திலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். 1952-ல் அங்கே இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்து சேர்ந்தார் ஜி.என்.ராமச்சந்திரன். சர் சி.வி.ராமனின் மாணவர், எர்ணாகுளத்தில் பிறந்தவர், வயசு அப்போ முப்பதுதான்.

அந்த வருஷம் இங்கிலாந்திலிருந்து ஜே.டி.பெர்னல் என்ற பெரிய படிகவியல் அறிஞர் சென்னைக்கு வந்தார். என்ன ஆராய்ச்சி செய்யலாம்னு பேச்சு வந்தப்போ, கொலாஜனோட அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாப் பிடிபடலைன்னு சொன்னார். நம்ம உடம்புப் புரதத்தில் கிட்டத்தட்ட 25 முதல் 30 சதவீதம் கொலாஜன்தான். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு எல்லாத்துலயும் அது. ஆனா அது எப்படி முறுக்கியிருக்குன்னு தெரியாது.

கொலாஜன் வேணுமா? தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்துலதானே இருக்கு! ராமச்சந்திரன் அங்கே கேட்டு வாங்கினார். அவரும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்ரே படங்கள் எடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல தெளிவான படம் கொடுத்தது கங்காருவின் வால் தசைநாண். (ஆம்பூர் மாட்டுத் தோல்தான் கொலாஜன் ரகசியத்தைச் சொன்னதுன்னு ஜல்லி அடிக்க ஆசைதான். ஆனா உண்மை கங்காரு. என்ன பண்றது!)

கையில் இருந்த துப்பு ஒன்று: கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சின்னது அது. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்க ஒரு ஹைட்ரஜன் அணு மட்டும்தான். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வருகிறது என்றால் ஏன்? ராமச்சந்திரனும் கர்த்தாவும் சொன்ன பதில்: மூன்று சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து நிற்கின்றன. மூன்றும் சந்திக்கிற நடுவில் வேறு எதற்கும் இடமில்லை. அங்கே நுழையக்கூடியது கிளைசின் மட்டும்தான். 1954 ஆகஸ்ட் 7, நேச்சர் இதழ். கொலாஜனுக்கு மூன்று இழை அமைப்பு என்று உலகத்துக்குச் சொன்னது கிண்டி.

அடுத்த வருஷமே அதைத் திருத்தினார்கள். மூன்று இழைகளும் நேராக நிற்கவில்லை, ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன. கிளைசின் எப்போதும் நடுவைப் பார்த்தே இருக்க வேண்டுமே? நிலா பூமியைச் சுற்றும்போது ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, ஒவ்வொரு இழையும் சுற்றிக்கொண்டே தானும் கொஞ்சம் திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். கயிறு திரிக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும்.

அப்போதான் சண்டை. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955-ல் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். மூன்று இழை, முறுக்கு எல்லாம் அதேதான். ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றை ஒன்று இடிக்கிற அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன, அது நடக்காது என்றார்கள்.

நம்மாளு என்ன செய்தார்? கோவிச்சுக்கிட்டு உக்காரலை. "அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எங்கே இடிக்கும்?" என்ற கேள்வியையே கையில் எடுத்தார். அதுவரை வெளியான படிக அமைப்புகளை எல்லாம் துருவி, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு தூரம் வரை நெருங்கியிருக்கின்றன என்று அளவெடுத்தார். பிறகு ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எந்தெந்தக் கோணத்தில் மடங்கினால் இடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டார்கள். அதில் பெரும்பகுதி மேசைக் கணக்கு மிஷினில், பொறுமையாக. 1963-ல் வந்தது அந்த வரைபடம். ராமச்சந்திரன் வரைபடம் என்று இன்றைக்கு உலகத்தில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் முதலில் சரிபார்க்கிற படம்.

அந்தப் படம் புரதம் இப்படித்தான் மடங்கும் என்று சொல்வதில்லை. எங்கே போக முடியாது என்று கோடு போட்டுக் காட்டுகிறது. மிச்சம் இருக்கிற இடத்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இதை நினைவில் வச்சுக்குங்க, கடைசியில வேணும்.

கர்த்தா பிற்பாடு அமெரிக்கா போனார். 1967-ல் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் அமைப்பைக் கண்டுபிடித்த குழுவில் அவர் முதல் பெயர். நம்மள்ல எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்? எனக்கே போன மாசம்தான் தெரியும்.

சிலந்தி வலையில் நடந்த செல்

கொலாஜன் சரி, அதுக்குள்ள செல் நடக்கிற கதை? அது வேற பக்கத்துல ஓடிக்கிட்டிருந்தது.

அமெரிக்காவில் ராஸ் ஹாரிசன் 1907-ல் உயிருள்ள திசுவைக் கண்ணாடியில் வளர்த்துக் காட்டியவர். 1914-ல் அவர் சிலந்தி வலையை எடுத்து அதன் மேல் செல்களை விட்டார். செல்கள் இழையைப் பிடித்துக்கொண்டு அதன் நெடுக நகர்ந்தன. கம்பி மேல் நடக்கும் கழைக்கூத்தாடி மாதிரி. செல் சும்மா மிதந்து போவதில்லை, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், அது கிடந்த திசையிலேயே போகும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இதை பால் வைஸ் பிறகு விரிவாக ஆராய்ந்தார்.

1962-ல் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியர் என்ற இருவர் இன்னொரு கேள்வி கேட்டார்கள். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் எங்கே போகிறது? வாலில் இருந்த கொலாஜனை வெட்டுகிற நொதியை அதன் திசுவே உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். அதாவது, உடம்புக்கே கொலாஜன் வெட்டும் கத்தரிக்கோல் இருக்கிறது! 1972-ல் எல்ஸ்டேல், பார்ட் என்ற இருவர், கண்ணாடித் தட்டில் செல்களை வளர்ப்பதற்குப் பதிலாகக் கொலாஜன் கூழில் வளர்த்துப் பார்த்தார்கள். தரையில் தவழ்வதும் புதருக்குள் நுழைவதும் ஒன்றா? செல்லின் உருவம், நடை எல்லாமே மாறியது.

அப்புறம் கணினி. இங்கே ஒரு தற்செயல் எனக்குப் பிடிச்சிருக்கு. பெர்னல் சென்னைக்கு வந்த அதே 1952-ல், காந்தத்தைப் பற்றிய ஒரு கணக்கை ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற ஆஸ்திரேலியர் வெளியிட்டார். 1953-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில், பகடை உருட்டிக் கணக்குப் போடும் மெட்ரோபோலிஸ் முறை வந்தது. 1954-ல் கொலாஜன். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. 1992-ல் பிரான்சுவா கிரானர், ஜேம்ஸ் கிளேசியர் இருவரும் முதல் இரண்டையும் எடுத்து, உயிருள்ள செல்லுக்குப் பொருத்தினார்கள். செல்லுலார் பாட்ஸ் மாதிரி என்று அதற்குப் பெயர்.

தங்கச்சி பொண்ணு எனக்குச் சொன்னதை நம்ம பாஷையில சொல்றேன். கட்டம் போட்ட காகிதத்தை நினைச்சுக்குங்க. ஒவ்வொரு கட்டமும் யாருக்காவது சொந்தம். இந்த இருபது கட்டம் ஒரு செல்லுக்கு, அந்த இருபது இன்னொண்ணுக்கு, மிச்சம் நாருக்கும் தண்ணிக்கும். கணினி சும்மா ஒரு கட்டத்தைத் தொட்டு, "பக்கத்து ஆளு இதை எடுத்துக்கலாமா?"ன்னு கேட்கும். நம்ம ஊர்ல ராத்திரியோட ராத்திரியா வரப்பை ஒரு சாண் நகர்த்துவாங்களே, அதே வேலை. நகர்த்தினா என்ன செலவுன்னு கணக்குப் பார்க்கும். செல் ரொம்ப ஊதினாலும் செலவு, ரொம்பச் சுருங்கினாலும் செலவு. ஒட்டுறவனைப் பிரிச்சாலும் செலவு. மொத்தச் செலவு குறைஞ்சா வரப்பு நகரும். கூடினா பகடை உருட்டி, எப்பவாவது மட்டும் விட்டுக்கொடுக்கும். இதை லட்சக்கணக்கான தடவை செஞ்சா, திரையில் செல் நெளிந்து நகருது. யாரும் அதை "நட"ன்னு சொல்லலை. கட்டத்துக்குக் கட்டம் நடந்த வரப்புத் தகராறுதான் நடையாத் தெரியுது.

இதுல நாரை எப்படி வைக்கிறோம்ங்கிறதுதான் விஷயமே. பெல்லியா, முதுகா?

அடைத்த வழியும் அடைக்காத வழியும்

இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா, ஒரு தோல்வியைச் சொல்லணும். கேன்சர் செல் கொலாஜனை வெட்டித்தான் வழி உண்டாக்குது, அப்போ கத்தரிக்கோலைப் பிடுங்கிட்டா பரவாதே? நியாயமான யோசனை. 1990-களில் அப்படி பேட்டிமஸ்டாட், மரிமஸ்டாட் என்று மருந்துகள் வந்தன. நிறைய நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை, மூட்டு வலிதான் வந்தது. காரணம் ஒன்று அல்ல. நோய் முற்றியவர்களுக்குக் கொடுத்தார்கள், அந்த நொதிகளுக்கு உடம்பில் வேறு நல்ல வேலைகளும் இருந்தன.

ஆனா இன்னொரு காரணமும் இருக்கலாம்னு 2003-ல் தெரிந்தது. ஜெர்மனியின் வூர்ஸ்பர்கில் கட்டாரினா வோல்ஃப், பீட்டர் ஃப்ரீடல் குழு, கேன்சர் செல்களின் கத்தரிக்கோலை முழுக்கச் செயலிழக்க வைத்துக் கொலாஜனுக்குள் விட்டது. செல்கள் நின்றுவிடவில்லை. நீளமாக இருந்தவை உருண்டு, அமீபா மாதிரி ஆகி, இருக்கிற இடுக்கு வழியே பிதுங்கிப் போயின. வேலியை வெட்ட முடியலைன்னா முள்ளுக்கு நடுவுல நுழையறது!

அதுக்கும் ஒரு எல்லை உண்டு. உடம்பை எவ்வளவு சுருக்கினாலும் செல்லின் உட்கரு ஓரளவுக்கு மேல் நசுங்காது. ஓட்டை, உட்கருவின் குறுக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கினால் செல் சிக்கிக்கொள்கிறது என்று அதே குழு 2013-ல் அளந்து சொன்னது. பூனை தலை நுழைஞ்சா உடம்பு நுழையும்பாங்களே, அந்தக் கணக்கு.

நம்ம நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. 2016-ல் ஐ.ஐ.டி. பம்பாயில் ஷாமிக் சென், மந்தார் இனாம்தார் குழு, இதே பாட்ஸ் வகை மாதிரியில் கட்டியாகப் போகும் செல்களையும் தனித்தனியாகப் போகும் செல்களையும் ஓட்டிப் பார்த்தது. நார் தாறுமாறாகக் கிடந்தால், அடர்த்தி கூடக் கூடக் கத்தரிக்கோல் நிறையத் தேவை. ஆனால் நார் எல்லாம் ஒரே திசையில் சீவிவிட்ட மாதிரி கிடந்தால், கத்தரிக்கோலே இல்லாமலும் செல் போய்விடுகிறது. ஹாரிசன் 1914-ல் சிலந்தி வலையில் பார்த்தது ஞாபகம் வருதா?

அதனால அப்பா சொன்னது பாதிதான் சரி. லூசா இருந்தா சுலபமாப் போகும், உண்மை. ஆனா கெட்டியா இருந்தாலும் திசை ஒத்து வந்தாப் போகும். இதை அவர்கிட்ட சொன்னப்போ அசரவே இல்லை. "ஆமா, அதான் முதுகெலும்பு வாட்டத்துல இழுத்தா ஒரு மாதிரி, குறுக்க இழுத்தா ஒரு மாதிரி"ன்னார். பொண்ணு நோட்டை எடுத்து, எந்தப் பாகத்துல நார் எந்தத் திசைன்னு அவர்கிட்ட கேட்டு எழுதிக்க ஆரம்பிச்சுட்டா. முதுகு, பின்பக்கம், கழுத்து, வயிறுன்னு அவர் காத்துல கையால ஒரு மாட்டையே வரைஞ்சு காட்டினார். மாட்டுத் தோலை வச்சு மனுஷன் கன்னத்தைச் சொல்ல முடியாதுன்னு அவளுக்குத் தெரியும். ஆனா நார் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கிடக்காதுங்கிறதைக் கையால தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லி அவ கேட்டது அன்னைக்குத்தான் முதல் தடவை.

34 வருஷத்துல அவர்கிட்ட யாரும் இப்படி உக்காந்து கேட்டு எழுதினதில்லை. நான் உட்பட. நான் அந்த வாசனையிலேர்ந்து தப்பிச்சு ஓடறதிலேயே குறியா இருந்தேன்.

ஊருக்குப் பெருமை பாடிட்டுப் போயிட்டேன்னு நினைக்காதீங்க. நாரைக் கட்டிப்போட்ட அதே குரோமியமும் உப்பும் பாலாத்துல என்ன பண்ணுச்சுன்னு எங்களுக்குத் தெரியும். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவன்தான் ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கைக்கு இந்தியா முழுக்க இன்றும் காட்டும் தீர்ப்பு அது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு தூக்கத்திலேயே 10 தொழிலாளிகள் செத்தாங்க. எங்க பகுதியோட அறிவையும் எங்க பகுதியோட விலையையும் தனித்தனியா எழுத எனக்கு வரலை.

கடைசியா ஒண்ணு. பெரியப்பாவுக்குக் கழுத்துல பரவினதை சி.டி. ஸ்கேன்லதான் பார்த்தாங்க. எக்ஸ்ரே நிழல்களைச் சேர்த்து உள்ளே இருக்கிற உருவத்தைக் கட்டுறதுக்கு, வேகமான ஒரு கணக்கு முறையை 1971-ல் ஒரு கட்டுரையில் வகுத்துக் கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் லட்சுமிநாராயணன். இன்னொருவர் அதே ராமச்சந்திரன்! பல பத்து வருஷம் ஸ்கேன் மிஷின்களில் ஓடியது அந்த வகைக் கணக்குத்தான். அது நடந்த வழியான கொலாஜனைச் சொன்னவரும், அது போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டிய கணக்கில் கை வைத்தவரும் ஒரே ஆள். அவர் 2001-ல் சென்னையில் காலமானார். அன்னைக்கு வராந்தாவுல நின்னப்போ எனக்கு இது எதுவும் தெரியாது.

அன்னைக்குச் சாயங்காலம் பொண்ணு லேப்டாப்பை மூடப் போனா. அப்பா தடுத்தார்.

"இரும்மா. எங்க அண்ணனுக்கு எந்த வழியாப் போச்சுன்னு இந்தப் பொட்டி சொல்லுமா?"

அவ கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னா, "சொல்லாது தாத்தா. எந்த வழியெல்லாம் போக முடியும், எங்கெல்லாம் போக முடியாதுன்னுதான் சொல்லும்."

அப்பா தலையாட்டினார். பதினாலு வருஷத்துக்கும் மேல அவர் கேட்டு வச்சிருந்த கேள்விக்கு யாரோ ஒருத்தர் பொய் சொல்லாம பதில் சொன்ன மாதிரி இருந்தது அவர் முகம். "அப்போ அந்த முடியாதுன்னு சொல்ற இடத்தைப் பெருசாக்கு"ன்னுட்டு, டீ போடச் சொல்லி உள்ள குரல் கொடுத்தார்.

டிஸ்கி 1: நான் விஞ்ஞானி இல்லை, தங்கச்சி பொண்ணு சொல்லக் கேட்டும் படிச்சும் எழுதினது. தோல் தொழில்லயோ லேப்லயோ இருக்கிறவங்க தப்பிருந்தா பின்னூட்டத்துல காதைத் திருகுங்க, திருத்திக்கிறேன்.

டிஸ்கி 2: உங்க வீட்டுலயும் கையால ஒரு தொழிலைத் தெரிஞ்சவங்க இருந்தா, இந்த வாரம் ஒரு நோட்டை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல உக்காருங்க. நான் ரொம்ப லேட்.